சுழியம் எங்கே இருக்கிறது? – ஒலி அளவுகோல் பிறந்த கதை

பழைய டேப் ரிக்கார்டர்களின் முகப்பில் ஒரு சிறு முள் ஆடிக்கொண்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதன் அளவுகோலை உற்றுக் கவனித்தீர்களா? இடப்புறம் –20 இல் தொடங்குகிறது. வலப்புறம் +3 இல் முடிகிறது. இடையில் சுழியம் இருக்கிறது. அதற்கு அப்பால் சிவப்புக் கோடு. தராசில் சுழியம் என்றால் எடையில்லை என்று பொருள். இங்கோ, சுழியத்தில் முள் நிற்கும்போது ஒலி பலமாகவே இருக்கிறது. அப்படியானால் இந்தச் சுழியத்தை அங்கே வைத்தவர் யார்?

வீட்டில் ஒரு கம்ப்ரசரைத் தாமே கட்டிப் பார்க்கும் எவரும் இந்தக் கேள்வியைச் சந்தித்தே தீர வேண்டும். கம்ப்ரசர் என்பது ஒலி ஒடுக்கி. ஓங்கிய ஒலியைச் சற்றுத் தணித்து, மெல்லொலிக்கும் பேரொலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் மின்சுற்று அது. 'ஓங்கிய ஒலி' எது என்பதை முடிவு செய்ய ஓர் அளவு வேண்டுமல்லவா? அந்த அளவின் வரலாறு தொலைபேசியிலிருந்து தொடங்குகிறது.

தொலைபேசிப் பொறியாளர்கள் முதலில் ஒலியின் தேய்வைக் 'கம்பி மைல்' கணக்கில் அளந்தார்கள். ஒரு மைலுக்கு 88 ஓம் மின்தடையும் 0.054 மைக்ரோஃபாரட் மின்தேக்குத்திறனும் கொண்ட இணைக்கம்பியில், ஒரு மைல் தொலைவில் குரல் எவ்வளவு தேயுமோ அதுவே ஓர் அலகு. ஆனால் இந்தத் தேய்வு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறியது. எனவே பெல் நிறுவனத்தார் 1924 வாக்கில் மடக்கையை அடிப்படையாகக் கொண்ட புதிய அலகு ஒன்றை வகுத்தனர். சில ஆண்டுகளில் அதற்கு டெசிபெல் என்று பெயரிட்டனர். திறன் பத்து மடங்கானால் 10 டெசிபெல். நூறு மடங்கானால் 20 டெசிபெல்.

இதற்கிடையில் 1927 ஜனவரி 7 அன்று நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வானொலி வழித் தொலைபேசி தொடங்கியது. ஒருவர் உரக்கப் பேசுவார், மற்றவர் முணுமுணுப்பார். முணுமுணுப்பு, வானில் எழும் மின் இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே ஊழியர் ஒருவர் அமர்ந்து, பேசுபவருக்கு ஏற்றபடி கையாலேயே பெருக்கத்தைத் திருத்தி வந்தார். இந்தக் கை வேலைக்குத் துணையாக வந்ததுதான் 'கம்பாண்டர்'. பெல் நிறுவனத்தைச் சேர்ந்த மேத்தஸ், ரைட் ஆகிய இருவரும் 1934இல் இதை விவரித்துக் கட்டுரை எழுதினர். அனுப்பும் முனையில் 60 டெசிபெல் வீச்சை 30 ஆக ஒடுக்குவது, பெறும் முனையில் மீண்டும் விரிப்பது என்பதே அதன் தத்துவம். நாம் கட்டும் கம்ப்ரசரின் மூதாதை இது எனலாம்.

ஒலிபரப்பு வளர வளர இன்னொரு சிக்கல் முளைத்தது. டெசிபெல் என்பது விகிதம் மட்டுமே. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு. 6 மில்லிவாட்டைச் சுழியமாகக் கொண்டவர்கள் இருந்தார்கள், 12.5 மில்லிவாட்டைக் கொண்டவர்களும் இருந்தார்கள். இவ்விரண்டுக்கும் இடையே 3 டெசிபெல்லுக்கு மேல் வேறுபாடு. போதாக்குறைக்கு முள்களின் வேகமும் வெவ்வேறு. ஒரே பாட்டு ஓரிடத்தில் 'சரி' என்று காட்டும். கம்பி வழியே அடுத்த நிலையத்துக்குப் போனதும் 'மிகை' என்று காட்டும். இரு பொறியாளர்களும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பயன்படவில்லை.

பெல் ஆய்வகம், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்றும் கூடி ஆராய்ந்து, 1939இல் ஒரு பொது அளவியை ஏற்றுக்கொண்டன. அதுவே வி.யூ. மீட்டர். 600 ஓம் மின்தடையில் 1 மில்லிவாட் திறன் அடிப்படையாயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள்: 0.6 இன் வர்க்கமூலம், அதாவது 0.775 வோல்ட். மீட்டரின் உட்தடை 3900 ஓம். அது கம்பியில் செல்லும் ஒலியைக் கெடுக்காதிருக்க, வெளியே தொடராக 3600 ஓம் சேர்த்தார்கள். இதனால் அடிப்படையைவிட 4 டெசிபெல் மேலே, 1.228 வோல்ட்டில், முள் சுழியத்தைக் காட்டியது. திடீரெனச் சுழிய அளவு ஒலி வந்தால் முள் 0.3 வினாடியில் 99 சதவீதத்தை எட்ட வேண்டும் என்றும் விதித்தார்கள்.

அந்த 3600 ஓமின் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாணவர்களோடு சேர்ந்து ஒரு கம்ப்ரசர் கட்டியபோது, பழைய பொருள் கடையில் வாங்கிய வி.யூ. மீட்டரை நேராகவே இணைத்துவிட்டேன். முள் அழகாகச் சுழியத்தில் நின்றது. ஆனால் அப்போது வெளிவந்த மின்னழுத்தம் 0.64 வோல்ட்தான், ஏறத்தாழப் பாதி! ஓய்வு பெறவிருந்த ஆசிரியர் ஒருவரின் உரையை அந்த அளவிலேயே பதிவு செய்தோம். பின்னர் குரலை உயர்த்தியபோது இரைச்சலும் சேர்ந்தே உயர்ந்தது. அந்த உரையை மீண்டும் நிகழ்த்தச் சொல்ல முடியுமா? முள் பொய் சொல்லவில்லை. அதனிடம் கேள்வியைத் தவறாகக் கேட்டவன் நான்.

கம்ப்ரசர் வகைகளுள் வீட்டில் செய்ய ஏற்றது ஒளிவழிக் கம்ப்ரசர். 1960களில் டெலிட்ரானிக்ஸ் எல்.ஏ.-2ஏ என்னும் கருவி இவ்வகையில் புகழ் பெற்றது. ஒலி ஓங்கினால் உள்ளே ஓர் ஒளிர்தகடு பிரகாசிக்கும், எதிரே உள்ள காட்மியம் சல்பைடு மின்தடை குறையும், ஒலி தணியும். இன்று நாம் ஓர் எல்.இ.டி.யையும் ஓர் ஒளியுணர் மின்தடையையும் கருங்குழாயில் அடைத்து இதைச் செய்யலாம். ஆனால் இவை ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. முன்பு பட்ட ஒளியையும் சிறிது நேரம் 'நினைவில்' வைத்திருக்கும். ஆகவே அளவுத்திருத்தம் இன்றியமையாதது.

செய்முறை எளிது. 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கைப்பேசியே இன்று தந்துவிடும். அதைப் பெருக்கி 1.228 வோல்ட் ஆக்குங்கள். சில மல்டிமீட்டர்கள் 50 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே நம்பத்தக்கவை. அலைநோக்கி இருந்தால் உச்சியிலிருந்து உச்சிக்கு 3.47 வோல்ட் காட்டுகிறதா என்று பாருங்கள். முள்ளைச் சுழியத்தில் நிறுத்துங்கள். பின்பு அலையைச் சிறிது நேரம் நிறுத்தி, ஒளியுணர் மின்தடையை இருளில் ஓயவிடுங்கள். அடுத்து, மிகத் தாழ்ந்த அளவிலிருந்து உள்ளீட்டை 1 டெசிபெல் வீதம் உயர்த்தி, வெளியீட்டைக் குறித்து வரைபடம் வரையுங்கள். தொடக்கத்தில் கோட்டின் சாய்வு 1. ஓரிடத்தில் கோடு மடங்கும், அதுவே வாசல். அதற்குமேல் உள்ளீடு 8 டெசிபெல் உயர வெளியீடு 2 டெசிபெல் மட்டும் உயர்ந்தால், ஒடுக்க விகிதம் 4:1.

இன்றைய எண்முறைக் கருவிகளில் சுழியம் மறுபடியும் இடம் மாறிவிட்டது. அங்கே அது கூரை. அதற்குமேல் போனால் அலையின் தலை வெட்டுப்படும். எனவே பழைய சுழியத்தைப் புதிய அளவுகோலில் –18 அல்லது –20 இல் வைக்கிறார்கள். இயற்கை எங்கும் சுழியக் கோடு கிழித்து வைக்கவில்லை. மனிதர் கூடிப் பேசி, 'இங்கே வைப்போம்' என்று ஒப்புக்கொண்ட இடமே அது. உங்கள் மேசையில் ஒரு திருகாணியைத் திருப்பி முள்ளைச் சுழியத்தில் நிறுத்தும்போது, 1939இல் எழுந்த அந்த உடன்பாட்டில் நீங்களும் கையெழுத்திடுகிறீர்கள். கையெழுத்திடுமுன் அந்த 3600 ஓம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்!