விசுவாசக் காணிக்கை: கோலார் தங்கவயல் தமிழ்க் கிறிஸ்தவர் மரபு

செலவு போக மிஞ்சியதிலிருந்து அல்லாமல், செலவுக்கே வேண்டியதிலிருந்து எடுத்துக் கர்த்தருக்குக் கொடுப்பதும், அதனால் வீட்டில் விழும் துண்டை அவரே சரிக்கட்டுவார் என்று நம்பியிருப்பதும் தமிழ்க் கிறிஸ்தவரிடையே விசுவாசக் காணிக்கை எனப்படும். தியாகக் காணிக்கை என்றும் சொல்வதுண்டு. கொடுப்பவரின் நம்பிக்கை ஒரு பாதி. பெறுபவர் மனிதரிடம் கேட்காமல் ஜெபத்தில் மட்டும் கேட்பது மறுபாதி. இரண்டும் சேர்ந்திருந்த காலமே இம்மரபின் சிறந்த காலம்.

கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்துத் தங்கவயலில் இது கூலித் தொழிலாளரின் மரபாக வேர்விட்டது. ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880இல் சுரங்க வேலையை ஏற்றபின் வடாற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழரில் பெரும்பாலோர் நிலமற்றவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களில் கிறிஸ்தவர்களும் கணிசமாக இருந்தனர். சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிகுப்பம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை ஆகிய இடங்களில் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், மெத்தடிஸ்டுகள், லுத்தரன்கள், பெந்தெகொஸ்தேயினர் எனப் பல பிரிவினரின் ஆலயங்கள் உள்ளன. கொடுக்கும் முறையில் இவர்களுக்குள் வேறுபாடு உண்டு. கொடுக்க வேண்டும் என்பதில் இல்லை.

வேதாகம அடிப்படை

ஆபிராம் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்த தசமபாகம் (ஆதியாகமம் 14), பெத்தேலில் யாக்கோபு செய்த பொருத்தனை (ஆதியாகமம் 28), லேவியராகமச் சட்டம், தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவந்து தம்மைச் சோதித்துப் பார்க்கும்படி கர்த்தர் அழைக்கும் மல்கியா 3ஆம் அதிகாரம் ஆகியவை பிரசங்கங்களில் அடிக்கடி வருபவை. ஆனால் தியாகக் காணிக்கைக்கு இவற்றைவிட நெருக்கமானவை இரண்டு விதவைகளின் நிகழ்ச்சிகள். பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே மிச்சமிருந்த பஞ்சகாலத்தில் எலியாவுக்கு முதலில் அடைசுட்டுக் கொடுத்த சாறிபாத் ஊர் விதவை (1 இராஜாக்கள் 17) ஒருத்தி. தன் ஜீவனத்துக்கு இருந்த இரண்டு காசையும் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவை (மாற்கு 12) இன்னொருத்தி. இருவரிடமும் பத்தில் ஒன்று என்ற கணக்கே எழவில்லை. கொடிய தரித்திரத்திலும் கொடுத்த மக்கெதோனியா சபைகளைப் பவுல் முன்னிறுத்துவதும் (2 கொரிந்தியர் 8, 9) இதே நோக்கில்தான்.

தசமபாகம் புதிய ஏற்பாட்டுச் சபைக்குச் சட்டமா என்பதில் பிரிவுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. நிருபங்களில் அது சபைக்குக் கட்டளையாகச் சொல்லப்படவில்லை. மனப்பூர்வமாகவும் வரவுக்குத் தக்கபடியும் கொடுப்பதே அங்குள்ள போதனை. எனவே தசமபாகத்தை முதற்படியாகக் கொள்வதே முறை.

சித்தூரிலிருந்து கோலார் வரை: தொடக்க வரலாறு

பணத்துக்கு மனிதரிடம் கை நீட்டாமல் கடவுளை மட்டும் நம்பி ஊழியம் செய்வது என்ற கொள்கைக்கு நவீன காலத்தில் உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர். 1830இல் சபைச் சம்பளத்தை விட்ட அவர், பின்னர் ஆஷ்லி டவுன் இல்லங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை, யாரிடமும் நிதி கேட்காமல் வளர்த்தார். முல்லருக்கு இவ்வழியைக் காட்டியவர்களில் முதன்மையானவர் அவருடைய மைத்துனர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். தமிழ்நாட்டுக்கும் தங்கவயல் சுற்றுவட்டாரத்துக்கும் முல்லரைவிட நெருங்கியவர் இவர்.

குரோவ்ஸ் எக்ஸிட்டர் நகரில் நல்ல வருமானமுள்ள பல் மருத்துவர். சொத்துச் சேர்ப்பது சீஷனுக்குத் தகாது, இருப்பதையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று வாதிட்டு 1825இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். எழுதியதோடு நிற்காமல் தொழிலை விட்டு, எந்த மிஷன் சங்கத்தின் சம்பளமும் இல்லாமல் 1829இல் பாக்தாதுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டார். அங்கே கொள்ளைநோயில் மனைவியை இழந்தார். 1833இல் இந்தியாவுக்கு வந்து திருநெல்வேலிவரை சுற்றிப் பார்த்தபின், 1830களின் கடைசியில் சித்தூரில் குடியேறினார். தங்கவயலுக்குக் கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவு. பிற்காலத்தில் சுரங்கக் கூலிகளாகக் கிளம்பிப் போன மக்களின் பூமி அது. ஊழியர்கள் தங்கள் கையால் உழைத்தே பிழைக்க வேண்டும் என்பதற்காக அங்கே விவசாயமும் பட்டுப்பூச்சி வளர்ப்பும் தொடங்கினார். அது நஷ்டத்தில் முடிந்தது. நம்பிக்கையால் வாழ்வது வேறு, முதல்போட்டுத் தொழில் நடத்துவது வேறு என்பதற்குக் குரோவ்ஸின் சித்தூர்ப் பண்ணையைவிடத் தெளிவான சான்று தென்னிந்தியாவில் இல்லை. அவர் 1853இல் பிரிஸ்டலில், முல்லரின் வீட்டில் இறந்தார்.

குரோவ்ஸின் கொள்கையைத் தமிழ்மண்ணில் வாழ்ந்து காட்டியவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867). பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் பயின்ற அருளப்பன், குரோவ்ஸைச் சந்தித்தபின் மிஷன் சம்பளத்தில் வேலைபார்க்கும் உபதேசியாராக இருக்க மறுத்தார். 1840களின் தொடக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை நிறுவினார். அங்கிருந்து ஊழியத்துக்குப் போனவர்களும் சொந்த உழைப்பையும் வந்த காணிக்கையையும் நம்பியே போனார்கள். 1860இல் அங்கே தொடங்கிய எழுப்புதல் திருநெல்வேலிச் சீமை முழுவதும் பரவியது. வெளிநாட்டு மிஷன்கள் ஊழியருக்குச் சம்பளம் கொடுத்துச் சபையைச் சோம்பலாக்கின என்ற குற்றச்சாட்டை, வாதத்தால் அல்லாமல் வாழ்க்கையால் முதலில் நிறுவிய தமிழர் அருளப்பன்தான். இவருக்கு உரிய இடத்தைத் தமிழ்த் திருச்சபை வரலாறு இன்னும் கொடுக்கவில்லை.

தங்கவயலின் பக்கத்திலேயே நடந்தது லூயிசா ஆன்ஸ்டி அம்மையாரின் பணி. 1876–78 பெரும் பஞ்சத்தில் மைசூர் சமஸ்தானம் வாடியபோது, கோலார் நகரில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்து இல்லம் நடத்தினார். நண்பர்கள் மனமுவந்து அனுப்பிய காணிக்கையே அதற்கு ஆதாரம். 1890இல் அப்பணியை அமெரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையிடம் ஒப்படைத்தார். அந்தச் சபையும் தென்னிந்தியாவில் தன்னிறைவுக் கொள்கையோடு தொடங்கியதே. 1870களில் பம்பாய், சென்னை, பெங்களூர் நகரங்களில் சபைகளை நிறுவிய வில்லியம் டெய்லர், வெளிநாட்டு மிஷன் பணம் வாங்காமல் அந்தந்த ஊர் மக்களே தங்கள் போதகரைத் தாங்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

இதே வரிசையில் ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் வருகிறார். 1895இல் இந்தியாவுக்கு வந்து முதலில் பெங்களூரில் இருந்த அவர், பின்னர் திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1951இல் இறக்கும்வரை நிதிக்கு வேண்டுகோள் விடுப்பதில்லை என்ற விதியை அவர் தளர்த்தவில்லை.

ஏழைகள் கொடுக்கலாமா? அசரியாவின் பதில்

கூலிக்காரனிடம் காணிக்கை கேட்பது நியாயமா என்ற கேள்வி தங்கவயல் போன்ற ஊரில் தவிர்க்க முடியாதது. மிக நிறைவான பதில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவினுடையது. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கமும் 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் தோன்றக் காரணமாயிருந்தார். இந்தியரின் ஆள், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி தோர்ணக்கல் சென்றார். தெலுங்கு நாட்டில் அவருடைய சபையார் பெரும்பாலும் மாலா, மாதிகா கூலி மக்கள். தங்கவயல் சுரங்கத்தில் இறங்கிய தமிழரில் பெரும்பாலோரைப் போலவே ஒடுக்கப்பட்ட சாதியினர். கிறிஸ்தவக் கொடுத்தல் பற்றி அசரியா ஒரு தனி நூலே எழுதினார். அவர் வலியுறுத்தியது இதுதான்: ஏழை என்று சொல்லி ஒருவனைக் கொடுப்பதிலிருந்து விலக்கிவைப்பது, ஆராதனையிலிருந்தே அவனை விலக்கிவைப்பது, எப்போதும் வாங்குகிறவனாகவே நடத்தப்பட்ட மனிதனுக்குக் கொடுப்பதே மானத்தை மீட்டுத் தருகிறது.

காணிக்கையின் வகைகள்

கைப்பிடி அரிசி: உலை வைக்கும்போது அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிப் பானையிலோ டப்பாவிலோ போட்டுவைப்பர். அளந்தபின் எடுப்பதுதான் இதன் உயிர்நாடி. அந்த வேளைக்குச் சோறு அந்தப் பிடியளவு குறையும். குறைவது பெரும்பாலும் தாயின் தட்டில். வாரக் கடைசியில் ஆலயத்தில் சேர்ந்த அரிசியைச் சபையாரே விலைக்கு வாங்கிக்கொள்வர். பணம் ஊழியத்துக்குப் போகும். இதே பழக்கம் மிசோரத்திலும் 1910 முதல் வழங்கிவருகிறது. அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையின் வருமானத்தில் இதற்குக் கணிசமான பங்கு உண்டு. நாள்தோறும் கொடுப்பதாலும், காசு பழகாத பெண்கள் கையில் இருப்பதாலும், எல்லா வகைகளுக்கும் இதையே முதலில் வைக்க வேண்டும்.

தசமபாகம்: சம்பளம் வந்ததும் முதலில் எடுத்துவைப்பது. கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டில் கடனுக்கு முன் இதை எடுப்பதா என்பது சுரங்கக் குடும்பங்களின் உண்மையான சோதனை. பிறருக்குரியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு காணிக்கை போடுவதை வேதம் ஏற்காது. கடன் வாங்கிக் கொடுப்பதும் விசுவாசம் ஆகாது.

முதற்பலன்: முதல் சம்பளம், வீட்டுக் கோழியின் முதல் முட்டை, மரத்தின் முதல் காய். தகப்பனுக்குப் பின் சுரங்கத்தில் சேர்ந்த மகன் முதல் மாதச் சம்பளத்தை அப்படியே போதகர் கையில் கொடுத்து ஜெபிக்கச் செய்வது இவ்வகை.

ஸ்தோத்திரக் காணிக்கை: பிறந்தநாள், திருமணநாள், நோயிலிருந்து சுகம், விபத்திலிருந்து தப்பியது ஆகியவற்றுக்காக உறையில் வைத்துக் கொடுப்பது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கும் மேல். பாறை வெடிப்பு எந்த ஷிப்டில் வரும் என்று யாருக்கும் தெரியாது. மேலே ஏறி வந்த ஒவ்வொரு நாளும் நன்றி சொல்ல வேண்டிய நாளாக இருந்த ஊரில் இந்த உறைகளுக்குப் பஞ்சமில்லை.

பொருத்தனை: வேண்டுதல் நிறைவேறினால் தருவதாக நேர்ந்துகொள்வது. கத்தோலிக்கரிடையே இது வலுவானது. நிறைவேறும் முன்பே கொடுப்பதைவிட இது ஒரு படி கீழானதே.

அறுப்பின் பண்டிகைக் காணிக்கை: கிராமங்களில் நெல்லும் கேழ்வரகும் வரும். வயலற்ற நகரச் சபைகளில் பலகாரம், கோழி, பூசணி, கைவேலைப் பொருள்கள். ஆராதனைக்குப்பின் ஏலம் நடக்கும். ஏலத்தில் எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுக்க, ஒரே சேவல் மூன்று நான்கு முறை ஏலம் போவதைக் காணலாம்.

முழு அர்ப்பணம்: உள்ளதையெல்லாம் விட்டுவிட்டுச் சம்பளமில்லாமல் ஊழியத்துக்குப் போவது. 1923இல் இலங்கையில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் (இன்று தி பெந்தெகொஸ்தே மிஷன்) ஊழியர்கள் திருமணமின்றி, சொந்தச் சொத்தின்றி, விசுவாச வீடுகளில் பொதுவாக வாழ்கிறார்கள். குரோவ்ஸ் எழுதியதற்கு மிக அருகில் வருவது இதுவே.

தங்கவயலில் கொடுத்தலின் சூழல்

வரிசை வீடுகளான லைன் வீடுகளில் வாழ்ந்த சுரங்கத் தொழிலாளருக்கு வட்டிக் கடனும் சீட்டும் அன்றாடம். அவ்வூரில் சிறுகாசு சேர்த்துப் பொதுக்காரியம் செய்வது கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் வழிகாட்டலில் 1907 முதல் மாரிகுப்பத்தில் இயங்கிய சாக்கைய பௌத்த சங்கமும், சித்தார்த்தா புத்தகசாலையும் உழைக்கும் மக்களின் ஆதரவில் நின்றவை. ஒரே மக்கள், ஒரே கூலி, வழிபாடு வேறு. கொடுக்கும் கை இம்மக்களிடம் முன்பே இருந்தது. கர்த்தர் திரும்பப் பார்த்துக்கொள்வார் என்ற நிச்சயத்தைச் சுவிசேஷம் அதற்குச் சேர்த்தது.

கொடுத்தால் பத்து மடங்கு, நூறு மடங்கு பணமாகத் திரும்பும் என்று மேடைகளில் சொல்லப்படும் செழிப்பு உபதேசம் இம்மரபின் பிறழ்வு. சாறிபாத் விதவைக்குக் கிடைத்தது அன்றன்றைக்கு வேண்டிய மாவும் எண்ணெயும். பானை நிறைந்து வழியவில்லை.

இன்றைய நிலை

1956இல் மைசூர் மாநில அரசிடமும் 1962இல் மத்திய அரசிடமும் வந்த சுரங்கங்கள், 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் நிறுவனத்தின்கீழ் இயங்கி, 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் மாரிகுப்பத்திலிருந்து ரயிலேறி நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆலயங்கள் தொடர்ந்து இயங்குகின்றன; காணிக்கைப் பையோடு யுபிஐ வழியாகவும் காணிக்கை பெறும் வழக்கம் சபைகளில் பரவிவருகிறது.