டோரத்தி வராத ஓஸ்

எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ஓஸ் நாவலில், கேன்சஸ் சிறுமி டோரத்தியைச் சூறாவளி வீட்டோடு தூக்கி வேறோர் உலகில் இறக்குகிறது. 1904இல் வந்த இரண்டாம் நூலிலும் அந்த வாசல் திறக்கும் என்று நம்பித்தான் எடுத்தேன். திறக்கவே இல்லை. டோரத்தியும் கிடையாது. நம் உலகத்திலிருந்து யாருமே அங்கே போகவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. முதல் நூல் 1902இல் சிகாகோவில் இசை நாடகமாகி வெற்றிகரமாக ஓடியது. மக்கள் கொண்டாடியது வைக்கோல் பொம்மையாகவும் தகர மனிதனாகவும் நடித்த ஸ்டோன், மாண்ட்கோமரி என்ற நகைச்சுவை நடிகர்களை. இரண்டாம் நூலை பாம் அவர்களுக்கே சமர்ப்பித்தார். பக்கத்துக்குப் பக்கம் மேடை வாசம்தான்.

பின்னல் ஊசிகளோடு ஆட்சியைப் பிடிக்கும் பெண்கள் படை எலியைக் கண்டு ஓடுகிறதாம்! வாக்குரிமை கேட்டவர்கள்மீதான கிண்டல் அது. இத்தனைக்கும் பாமின் மாமியார் மட்டில்டா கேஜ் அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவர். பாமும் அதை ஆதரித்தவர். கைதட்டலுக்காகச் சொந்த நம்பிக்கையையே விற்றுவிட்டாரோ என்று வருத்தமாக இருந்தது.

விற்றும் பலனில்லை. 1905இல் மேடையேறியபோது அந்த இருவரும் நடிக்கவில்லை; நாடகம் தோற்றது. 1907இல் மூன்றாம் நூலில் டோரத்தியைத் திரும்ப அழைத்துவந்தார்.

ஆனாலும் இரண்டாம் நூலின் முடிவை என்னால் ஒதுக்க முடியவில்லை. டிப் என்ற சிறுவன்தான் உண்மையில் மந்திரத்தால் உருமாற்றப்பட்ட இளவரசி ஓஸ்மா. பெண்களைக் கேலி செய்த கதை, ஓஸின் ஆட்சியைக் கடைசியில் ஒரு பெண்ணிடமே ஒப்படைக்கிறது. பாமின் நம்பிக்கை முழுசாக விலைபோகவில்லை போலும்.