பம்பாய் பிளேக்கின் வளைகோடு

புள்ளியியல் வகுப்பில் நோய்ப்பரவல் பாடம் வந்தால் நான் கரும்பலகையில் முதலில் வரைவது பம்பாய் பிளேக்கைத்தான். 1905 டிசம்பரிலிருந்து 1906 ஜூலை வரை, வாரவாரியாகச் சாவுக் கணக்கு. மெல்ல ஏறி, உச்சிக்கு முன் சற்றே சறுக்கி, ஒரு வாரத்தில் 900ஐத் தாண்டி, பிறகு மளமளவென்று இறங்கும்.

இத்தகைய கோட்டுக்கு ஆங்கிலேயப் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் 1840லேயே, இங்கிலாந்தின் பெரியம்மைச் சாவுகளை வைத்து, கணக்கு வகுத்தார். 1866இல் அங்கே வெக்கை நோய் மாடுகளை வாரிக்கொண்டு போனபோது, சீக்கிரம் தணியும் என்றார், தணிந்தது. (நோய்ப்பட்ட மாடுகளைக் கொல்லும் சட்டமும் அவர் அப்படிச் சொன்ன அதே மாதம்தான் வந்தது.) உடலுக்கு உடல் தாவத் தாவ நஞ்சு வீரியம் இழக்கிறது என்பது அவர் விளக்கம்.

மெக்கென்ட்ரிக் வேறு வழியில் யோசித்தவர். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர், கசௌலி பாஸ்டர் நிறுவனத்தை நடத்தியவர். எடின்பரோ திரும்பியபின், ஆய்வுக்கூட விபத்தில் பார்வை இழந்த வேதியியலாளர் கெர்மக்குடன் சேர்ந்து 1927இல் ஒரு கட்டுரை எழுதினார். கிருமி வீரியம் இழக்கவே வேண்டாம். நோய் பற்றக்கூடியவர்கள் குறைந்தாலே போதும், எல்லோரையும் தொடுமுன் பரவல் அடங்கிவிடும் என்றார்கள். அவர்கள் கோடு பம்பாய்ப் புள்ளிகளின்மேல் ஏறக்குறையப் படிந்தது.

மாணவர்கள் மயங்குவது இங்கேதான். கோட்டின் கீழுள்ளதைக் கூட்டிப் பாருங்கள் என்பேன்: சுமார் 9,000 சாவு. ஊரின் மக்கள்தொகையோ பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள் என்பதால், நூற்றுக்கு ஒருவருக்குத்தான் நோய் வந்திருக்கும். மனிதர்கள் குறைந்து பிளேக் நின்றது என்று எப்படி நம்புவது? அது எலியின் நோய், தெள்ளுப்பூச்சி வழியாக நமக்கு வருவது. தெள்ளுக்கோ பருவம் உண்டு.

கெர்மக்கும் மெக்கென்ட்ரிக்கும் எலியை மறைக்கவில்லை. தங்கள் அனுமானங்கள் முழுதாகப் பொருந்தவில்லை, கணக்கு தோராயமே என்று எழுதியே வைத்தார்கள். அந்த நேர்மையை நான் மிக மதிக்கிறேன். பின்னால் வந்தவர்கள் பலர் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

2012இல் கணிதவியலாளர் நிக்கோலா பக்காயேர் எலியையும் தெள்ளையும் பருவத்தையும் சேர்த்து இந்தக் கணக்கை மறுபடி போட்டார். 1906இன் கோட்டை மட்டும் கேட்டால் எந்தக் கணித மாதிரியும் வரைந்து கொடுத்துவிடும். 1907இலும் அதே பருவத்தில் பிளேக் ஏன் திரும்பியது என்று கேட்டால், பருவத்தைச் சேர்த்த மாதிரியிடம் மட்டுமே விடை இருக்கிறது. என் வாக்கு அதற்குத்தான்.