சுரங்கத்தில் ஒளிந்திருக்கும் தண்ணீர்: மின்காந்த ஆய்வு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நிலக்கரிச் சுரங்க விபத்து என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது தீயும் வெடிப்பும்தான். ஆனால் தண்ணீரும் ஆளைக் கொல்லும். 1975 டிசம்பர் 27 அன்று இந்தியாவின் தன்பாத் அருகே உள்ள சஸ்னாலா சுரங்கத்தில், பழைய பகுதியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. 375 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அப்படிப்பட்ட தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தோண்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா? ஓரளவுக்கு முடியும். அதற்கு உதவுவதுதான் மின்காந்த ஆய்வு.

பழைய வரைபடம் போதாதா?

போதாது. கைவிடப்பட்ட சுரங்கத்தில் வருடக்கணக்கில் தண்ணீர் சேரும். அந்தச் சுரங்கம் எதுவரை தோண்டப்பட்டது என்பது வரைபடத்தில் சரியாக இல்லை என்றால், பக்கத்தில் தோண்டுபவர்களுக்கு ஆபத்து. 2002 ஜூலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், கியூகிரீக் சுரங்கத்தில் நடந்தது அதுதான். முழுமையில்லாத வரைபடத்தை நம்பித் தோண்டியபோது, பக்கத்துப் பழைய சுரங்கத்தின் தண்ணீர் புகுந்தது. உள்ளே சிக்கிய 9 பேரும் சுமார் 77 மணி நேரத்துக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

சரி, இது எப்படி வேலை செய்யுது?

தரையிலோ சுரங்கத்துக்குள்ளேயோ ஒரு கம்பிச் சுருளை விரித்து, அதில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். பிறகு சட்டென்று நிறுத்துவார்கள். அந்த நொடியில் நிலத்துக்குள் சிறு மின்னோட்டங்கள் தூண்டப்படும். அவை எவ்வளவு வேகமாக மங்குகின்றன என்பதை இன்னொரு சுருள் அளக்கும். காய்ந்த பாறையிலும் நிலக்கரியிலும் அவை சீக்கிரம் மங்கிவிடும். மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் இடத்தில் மெதுவாகத்தான் மங்கும். பழைய சுரங்கத் தண்ணீரில் இரும்பும் கந்தகச் சேர்மங்களும் கரைந்திருப்பதால், அது நல்ல கடத்தி.

பாலிக் புலாவில் செய்து பார்த்தால்?

பினாங்குத் தீவில் நிலக்கரி இல்லை. மலைகள் பெரும்பாலும் கருங்கல். ஆனால் விதி ஒன்றேதான். பாலிக் புலாவ் மலைப்பக்கம் ஈரமில்லாத கருங்கல்லின் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம்-மீட்டர் காட்டும். மேற்கே கடலோரச் சமவெளியில் உப்புநீர் ஊறிய மண் இருந்தால், அது சில ஓம்-மீட்டருக்கு இறங்கிவிடும். கடல்நீரின் மின்தடை சுமார் 0.2 ஓம்-மீட்டர்தான். அதனால்தான் கிணற்று நீரில் கடல்நீர் கலக்குதா என்று பார்க்கவும் இதே முறையைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள்.

எங்கே ஏமாறலாம்?

இந்தக் கருவி தண்ணீரை நேராகப் பார்ப்பதில்லை. மின்கடத்தும் தன்மையை மட்டுமே பார்க்கிறது. ஈரமான களிமண்ணும் தண்ணீர் மாதிரியே தெரியலாம். தண்டவாளம், இரும்புத் தாங்கிகள், மின்கம்பிகள் எல்லாம் அளவீட்டைக் குழப்பும். ஆழம் கூடக் கூட, படம் தெளிவில்லாமல் போகும். தண்ணீர் இல்லாமல் காற்று மட்டும் நிறைந்த பொந்து தப்பிவிடலாம்.

அப்புறம் என்ன செய்யணும்?

துளையிட்டுப் பார்க்கணும். சீனாவின் சுரங்க விதிகள், சந்தேகம் இருந்தால் முதலில் சோதி, பிறகு தோண்டு என்கின்றன. இந்தியாவிலும் கைவிடப்பட்ட சுரங்கத்துக்கு 60 மீட்டருக்குள் வேலை செய்ய முன்அனுமதி வேண்டும். முன்கூட்டியே துளையிட்டுச் சோதிக்கவும் வேண்டும். எங்கே துளையிடுவது என்பதை மின்காந்த ஆய்வு காட்டும். துளையிடாமலே தைரியமாகப் போகலாம் என்று அது சொல்வதில்லை.

நமக்கு இதில் என்ன சம்பந்தம்?

சிலாங்கூரின் பத்து ஆராங்கில் சீன, இந்தியத் தொழிலாளர்கள் உழைத்த நிலக்கரிச் சுரங்கம் 1960-இல் மூடப்பட்டது. சுரங்கம் மூடினாலும் கீழே உள்ள வெற்றிடம் மறைந்துவிடாது. மேலே வீடோ சாலையோ கட்டும்போது, அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி திரும்ப வரும். அப்போதும் முதலில் அளந்து, பிறகு துளையிட்டு உறுதிசெய்வதுதான் பாதுகாப்பு.