புரோட்டானின் பின்னல் என்ட்ரோபி

குவாண்டம் அமைப்பு ஒன்றின் ஒரு பகுதியை மட்டும் அளக்கும்போது, மீதிப் பகுதியோடு அதற்குள்ள பின்னலால் (இரண்டையும் தனித்தனியே விவரிக்க முடியாத குவாண்டம் தொடர்பால்) அளப்பவருக்குக் கிட்டாமல் போகும் தகவலின் அளவே பின்னல் என்ட்ரோபி. புரோட்டானின் உள்ளமைப்பை ஆராய இது ஒரு கருவியாக, குறிப்பாக 2017க்குப் பின், பயன்பட்டு வருகிறது.

இதன் தேவை ஒரு முரண்பாட்டிலிருந்து எழுந்தது. அசையாமல் இருக்கும் புரோட்டான் ஒரு தூய குவாண்டம் நிலை. ஜான் வான் நியூமன் வகுத்த இலக்கணப்படி அதன் என்ட்ரோபி பூஜ்யம். ஆனால் ரிச்சர்ட் ஃபைன்மேன் 1969இல் முன்வைத்த பார்ட்டான் மாதிரி, வேகமாகச் செல்லும் புரோட்டானைப் பார்ட்டான்கள் எனப்படும் தனித்தனித் துகள்களின் (குவார்க்குகள், அவற்றைப் பிணைக்கும் குளுவான்கள்) திரளாகக் கொண்டு, நிகழ்தகவுகளை மட்டுமே தருகிறது. நிகழ்தகவு வந்தால் என்ட்ரோபியும் வரும். இல்லாதிருந்த அது எங்கிருந்து முளைத்தது?

டிமிட்ரி கார்சீவ், யூஜின் லெவின் இருவரும் 2017இல் இதற்கு விடை சொன்னார்கள். எலெக்ட்ரான் புரோட்டானில் மோதும்போது அனுப்பும் ஃபோட்டான், புரோட்டானின் சிறு பகுதியை மட்டுமே தொடுகிறது. தொடப்படாத பகுதியோடு அதற்குள்ள பின்னல்தான் என்ட்ரோபியாகத் தென்படுகிறது. புரோட்டானின் உந்தத்தில் மிகச் சிறு பங்கை மட்டும் சுமக்கும் குளுவான்கள் பெருகிய நிலையில், சாத்தியமான எல்லா நுண்நிலைகளும் ஏறத்தாழ சம வாய்ப்புப் பெறுகின்றன. இதுவே அதிகபட்சப் பின்னல். அப்போது சூத்திரம் வியக்கத்தக்க எளிமை பெறுகிறது: என்ட்ரோபி என்பது குளுவான் எண்ணிக்கையின் இயல் மடக்கை, அவ்வளவே.

சோதிப்பதுதான் கடினம். குவார்க்கும் குளுவானும் தனியே வெளிவருவதில்லை. அதனால் மோதலில் சிதறும் ஹேட்ரான்களை (குவார்க்குகளாலான துகள்களை) எண்ணி, எத்தனை துகள்கள் எத்தனை முறை வந்தன என்ற பரவலிலிருந்து என்ட்ரோபியைக் கணக்கிட்டு, உள்ளே இருந்ததும் அதற்கு ஈடு என்று கொள்கிறார்கள். இந்த அனுமானமே முறையின் மிகப் பலவீனமான கண்ணி.

ஹாம்பர்க்கில் 1992 முதல் 2007 வரை இயங்கிய ஹேரா முடுக்கியின் தரவைக் கொண்டு அங்கு ஆய்வு நடத்திய எச்1 குழு 2021இல் கார்சீவ்–லெவின் கணிப்பைச் சோதித்தது. குளுவான்களை மட்டும் கணக்கில் கொண்ட கணிப்பு பொருந்தவில்லை. மார்ட்டின் ஹென்ஷின்ஸ்கி, கிரிஸ்டோஃப் குடக் ஆகியோர் 2022இல் குவார்க்குகளையும் சேர்த்துக் கணக்கிட்டபோது பொருத்தம் கிடைத்தது. ஆனாலும் இதை முடிவான நிரூபணம் என்பது மிகை. கணிப்பு, எந்தப் பார்ட்டான் பரவலை எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் பொறுத்தது.

அமெரிக்காவின் புரூக்ஹேவனில் திட்டமிடப்பட்டுள்ள எலெக்ட்ரான்–அயனி மோதுகலம், கன அணுக்கருக்களையும் இதே முறையில் ஆராய வழிசெய்யும். நெருக்கமான அணுக்கருவுக்குள் குளுவான் பெருக்கம் ஒரு வரம்பில் தேங்கினால், என்ட்ரோபியின் வளர்ச்சியும் அங்கே தணிய வேண்டும்.