மருந்து இடைவினைச் சோதனை

ஒரு மருந்து உடலில் இருக்கும்போது மற்றொரு மருந்தின் அளவு இரத்தத்தில் கூடுகிறதா, குறைகிறதா என்று அளந்தறியும் ஆய்வு. பெரும்பாலும் புதிய மருந்து விற்பனைக்கு வருமுன் ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடத்தப்படுகிறது. நோயும் வேறு மருந்துகளும் குறுக்கிடாததால், காணும் மாற்றத்துக்குக் காரணம் அந்த இரு மருந்துகளே எனத் தெளியலாம்.

வரலாறு

பல மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றுபவை சைட்டோக்ரோம் பி450 நொதிகள். 1962இல் ஜப்பானின் ஒமுராவும் சாத்தோவும் இவற்றுக்கு அப்பெயரை இட்டனர். ஆயினும் இடைவினைகள் நெடுங்காலம் நோயாளிகள் பாதிக்கப்பட்ட பின்னரே தெரியவந்தன.

திருப்பம் தந்தது டெர்ஃபெனடின் என்னும் ஒவ்வாமை மாத்திரை. 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது, தூக்கம் வரவழைக்காததால் பெரிதும் விரும்பப்பட்டது. பூஞ்சைத்தொற்று மருந்தான கீட்டோகோனசோலையும் சேர்த்து உட்கொண்ட 39 வயதுப் பெண்ணுக்கு ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறு நேர்ந்தது 1990இல் மருத்துவ இதழில் பதிவானது. பீட்டர் ஹோனிக் குழுவினர் இரு மருந்துகளையும் ஆறு தன்னார்வலர்களுக்குக் கொடுத்து ஆராய்ந்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். கீட்டோகோனசோல் நொதியைத் தடுத்ததால், வழக்கமாக உடனே சிதைந்துவிடும் டெர்ஃபெனடின் இரத்தத்தில் தேங்கியது. இதயமின் வரைபடமும் மாறியது. 1998இல் அம்மாத்திரை அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. சிதைவில் உருவாகும் பாதுகாப்பான பொருளான ஃபெக்சோஃபெனடின் அதன் இடத்தைப் பிடித்தது. இரத்த அழுத்த மருந்தான மிபெஃப்ராடிலும் 1997இல் அனுமதி பெற்று, இடைவினைகளால் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது.

கனடாவில் டேவிட் பெய்லி, ஃபெலோடிபின் என்னும் இரத்த அழுத்த மருந்தோடு மது சேரும்போது என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். மதுவின் சுவையை மறைக்கக் கலந்த கிரேப்ஃப்ரூட் சாறே மருந்தளவை உயர்த்தியது எதிர்பாராமல் புலப்பட்டது. உணவும் சோதனைக்குரியது என்பது இதனால் உறுதியானது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆய்வகச் சோதனைகளுக்கு 1997இலும், மனிதரிடம் நடத்தும் ஆய்வுகளுக்கு 1999இலும் வழிகாட்டிகள் வெளியிட்டது. 2024இல் ‘எம்12’ என்னும் பன்னாட்டு ஒத்திசைவு வழிகாட்டி இறுதியானது.

செய்முறை

நொதியின் வேகத்தைக் காட்டும் அளவுகோல் மருந்து முதலில் தனியாகத் தரப்படும். சைட்டோக்ரோம் பி450 3ஏ நொதிக்கு மிடாசோலம், 1ஏ2 நொதிக்கு காஃபின் வழக்கமானவை. குறித்த இடைவெளிகளில் இரத்தம் எடுத்து மொத்த மருந்தளவு கணக்கிடப்படும். பின்னர் புதிய மருந்தைச் சில நாள் கொடுத்து, அதே நபரிடம் மீண்டும் அளப்பார்கள். அளவு ஐந்து மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்தால் புதிய மருந்து வலுவான தடுப்பான். இரண்டு முதல் ஐந்து மடங்குக்குள் இருந்தால் மிதமானது. புதிய மருந்தே பாதிக்கப்படுமா என்றறிய, நொதியைத் தூண்டும் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் பயன்படுகிறது.

வரம்புகள்

தன்னார்வலருக்குச் சிகிச்சைப் பயன் ஏதுமில்லை. ஆகவே ஆபத்து மிகக் குறைவாக இருக்கவேண்டும். கல்லீரல் பாதிப்பு காரணமாக 2013இல், தடுப்பானாகப் பயன்பட்டுவந்த கீட்டோகோனசோலே இச்சோதனைகளுக்கு உகந்ததன்று என அறிவிக்கப்பட்டு, இட்ராகோனசோல் பரிந்துரைக்கப்பட்டது. புற்றுநோய் மருந்துகள் போன்ற நச்சுத்தன்மை மிக்கவை பெரும்பாலும் நோயாளிகளிடமே சோதிக்கப்படுகின்றன. பல மருந்துகளை ஒருசேர உட்கொள்ளும் முதியோரின் நிலையை இரு மருந்துச் சோதனை முழுமையாகக் காட்டுவதில்லை. அந்த இடைவெளியைக் குறைக்கக் கணினி மாதிரிகள் துணைபுரிகின்றன.