வண்ணக் கலப்பும் கைகளின் கூட்டும்: பீட்டர் மின்ஷலின் 'மாஸ்' கலை குறித்து

கரீபியத் தீவுகளின் கலப்பு மரபைப் பற்றி எழுதுவோர், அதனை ஒரே பானையில் வெந்து குழைந்த பண்டத்துக்கு ஒப்பிடுவது சம்பிரதாயமாகிவிட்டது. சேப்பந்தழையும் வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும், கிடைத்தால் நண்டும் கூட்டிக் கடையும் 'காலலூ' என்னும் டிரினிடாட் உணவு இவ்வுவமைக்கு வெகு எளிதில் இடந்தருகிறது. ஆயினும், கடைந்தெடுத்த பின்னர்த் தழையைப் பறித்தவர் யார், அடுப்படியில் வெந்தவர் யார் என்பது தெரியாமற் போவதைப் போலவே, இவ்வுவமையும் கலப்புக்குரிய உழைப்பையும் நோவையும் மறைத்துவிடுகிறது. கலப்பு என்பது பிறப்போடு வாய்த்துவிடும் ஆஸ்தியன்று, பலர் கூடி உழைக்கையில் நிகழ்வது, ஆதலால் கெடவும் கூடுவது என்ற கருத்தையே, டிரினிடாட் கார்னிவலின் 'மாஸ்' என்னும் மாறுவேடக் கலையில் பீட்டர் மின்ஷல் படைத்த சிருஷ்டிகள் பிரத்தியட்சமாக்குகின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

1783-க்குப் பின் டிரினிடாட்டில் குடியேறிய பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளின் மாறுவேட விருந்தாக இருந்த கார்னிவலை, 1838-இல் முழு விடுதலை பெற்ற ஆப்பிரிக்க வம்சத்தார் தெருவுக்குக் கொணர்ந்து தமதாக்கினர். 1881-இல் அதனை ஒடுக்க வந்த போலீசாரை எதிர்த்தும் நின்றனர். 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த, சென்னையில் கப்பலேறியவரும் அடங்கிய ஏறக்குறைய 1,44,000 இந்தியர்களோ, பக்வா என்னும் வண்ணத் திருநாளையும் முகரம் நினைவான ஹொசே ஊர்வலத்தையும் அம்மண்ணில் வேரூன்றச் செய்தனர்.

இம்மரபுகள் கூடிய தெருவிலேயே மின்ஷலின் கலை உருவாயிற்று. 1941-இல் கயானாவில் பிறந்து, டிரினிடாட்டில் வளர்ந்து, லண்டனில் நாடக அரங்க அமைப்புப் பயின்ற மின்ஷல், 1974-இல் தம் வளர்ப்புத் தங்கைக்காக அமைத்த ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) வேடத்தை நுணுகி நோக்குவோம். 12 பேர் ஐந்து வாரம் உழைத்து 104 இறகுகளைச் சமைத்தனர். அவ்விறகுகள் விரிந்து ஒடுங்கும் சூட்சுமமோ, பாமர மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த வௌவால் வேடத்தினின்று பெற்றது. லண்டனில் கற்ற வித்தை தெருவின் வித்தையிடம் பாடங்கேட்ட இடம் இதுவே.

1983-இல் அவர் அமைத்த 'நதி' என்னும் மாஸ் ஊர்வலம் இன்னும் ஆழமானது. ஆயிரக்கணக்கானோர் வெண்பருத்தி உடுத்தி, வானவில் நிறங்கொண்ட நீண்ட விதானத்தின் கீழ்க் கார்னிவல் திங்கட்கிழமை நடந்தனர். மறுநாள், அவ்வூர்வலம் நடித்துக் காட்டிய கதையில், தூய்மையின் உருவான சலவைப்பெண் மாண்டாள். பேராசையின் உருவான நண்டு மனிதன் வென்றான். ஆடியவர்கள் தம் வெள்ளுடைமீது வண்ணநீரைக் கொட்டிக்கொண்டனர். தனித்தனியே எழிலாயிருந்த வண்ணங்கள் உடம்பில் வழிந்து குழம்பி அழுக்காயின. பக்வாவின் வண்ணநீரை அறிந்த கண்ணுக்கு அக்காட்சி களிப்பாகவும், அக்கணமே சாபமாகவும் தோன்றாதிராது. கலப்பை வாழ்த்தாகவே உரைத்துவந்த தேசத்தில், கலங்கலும் கலப்பே என்று உணர்த்திய துணிவு இது.

ஒருவர் கற்பனை செய்து பிறர் அணிவதைச் சமுதாயச் சிருஷ்டி என்னலாமோ என்ற ஆட்சேபம் எழலாம். அதிலும் அவர் வெள்ளை நிறத்தவராதலின் இவ்வையம் வலுப்பெறும். கற்பனையின் முதல் வரைவு அவருடையது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1990-இல் தோன்றிய 'டான் டான்' என்னும் நெடிய பாவையின் பாதங்கள், அதனைச் சுமந்தாடுபவரின் பாதங்களோடு பிணைக்கப்பட்டிருந்தன. ஆடுபவர் அடியெடுத்து வைத்தாலன்றி அது வெறும் துணியும் கம்பியுமே. 'மாஸ் கேம்ப்' எனப்படும் பட்டறையில் கம்பி வளைப்பவரும், துணி தைப்பவரும், தெருவில் இரு நாள் வியர்ப்பவரும் சேர்ந்தே அச்சிருஷ்டியைப் பூர்த்தி செய்கின்றனர்.

'நதி'யை அடுத்து, 1984-இல் தம் படைப்புக்கு அவர் சூட்டிய பெயர் 'காலலூ'. முந்தைய ஆண்டு வென்ற நண்டை நினைவில் வைத்து அப்பெயரைக் கேட்போர்க்கு, பழைய உவமையே வேறு பொருள் தரும்: அந்தப் பானைக்குள் நண்டும் கிடக்கிறது, அதன் கொடுக்கை அறிந்தே அகப்பையைப் பிடிக்கவேண்டும்.